வோர்ஸ்பைட்டின் பீரங்கிக் கோபுரம்: எந்த அளவை நம்புவது?

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை செய்கிறேன். 1942இல் இலங்கைக்கு வந்த எச்.எம்.எஸ். வோர்ஸ்பைட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை 1:200 அளவில் மாதிரியாகச் செய்து வருகிறேன். கப்பலின் உடல் முடிந்துவிட்டது, பீரங்கிக் கோபுரங்களில் வந்து நிற்கிறேன். பீரங்கியின் நீளம் ஓரிடத்தில் 16 மீற்றர் என்றும் இன்னோரிடத்தில் 16.52 மீற்றர் என்றும் இருக்கிறது. கோபுரத்தின் அகலத்துக்கு மூன்று அளவுகள் கிடைத்தன, மூன்றும் வேறுவேறு. என்னிடம் இருக்கும் வரைபடம் போட்டோ கொப்பி. பழைய புகைப்படத்தில் அளந்து பார்த்தால் நாலாவதாக ஓர் அளவு வருகிறது. கடையில் கிடைக்கும் ஆயத்தக் கோபுரங்களோ பருத்துத் தெரிகின்றன. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடலாமா ஐயா? எந்தக் கோபுரத்தில் தொடங்குவது?

பதில்:

தம்பி, சராசரி மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

தியத்தலாவையில் நில அளவைப் பயிற்சிக்குப் போன காலத்தில் எங்களுக்கு முதலில் அடித்துச் சொல்லித் தந்தது இதைத்தான். ஒரே கோட்டை மூன்று தடவை அளந்து, மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்பட்டால் சராசரி எடுக்கலாம். ஆனால் ஒருவர் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறையின் உட்சுவருக்கு உட்சுவர் அளக்கிறார், இன்னொருவர் வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் அளக்கிறார், மூன்றாமவர் கூரைத் தகரத்தின் விளிம்புக்கு விளிம்பு அளக்கிறார் என்று வையுங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் கிடைப்பது எந்த லயத்துக்கும் பொருந்தாத அளவு. உங்களுக்குக் கிடைத்த மூன்று அகலங்களும் இப்படிப்பட்டவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் எந்த எண்ணைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இது எங்கிருந்து எங்கே, எந்த ஆண்டில் என்பது.

பீரங்கி நீளச் சிக்கல் சுலபமானது, அதை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் இரண்டு எண்களும் சரி. வோர்ஸ்பைட்டில் இருந்தவை 15 அங்குலப் பீரங்கிகள், 42 கலிபர். 15 அங்குலம் என்பது குழலுக்குள் இருக்கும் துளையின் விட்டம், 381 மில்லிமீற்றர். 42 கலிபர் என்றால் துளையின் நீளம் அந்த விட்டத்தைப் போல 42 மடங்கு, அதாவது 630 அங்குலம். அதுதான் உங்கள் 16 மீற்றர். ஆனால் துளை முடியும் இடத்தில் பீரங்கி முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பின்னால் குண்டு போடும் வாயும் அதைத் தாங்கும் கனத்த இரும்பு வளையமும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தால் 650.4 அங்குலம், 16.52 மீற்றர்.

1:200இல் இது 80 மி.மீ.க்கும் 82.6 மி.மீ.க்கும் இடையிலான வித்தியாசம். 2.6 மி.மீ. என்பது நம் வேலையில் பெரிய பிழைதான். ஆனால் அந்த 2.6 மி.மீ. எங்கே இருக்கிறது? பின்பக்கத்தில், கோபுரத்துக்குள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில். குழலின் வாயிலிருந்து பின்னோக்கி அளந்துகொண்டு வந்தால் எந்த எண்ணை எடுத்தாலும் வெளியே தெரியும் பகுதி ஒன்றுதான். பின்னாலிருந்து முன்னோக்கி அளப்பவர்களுக்குத்தான் தலைவலி.

எல்லா நாட்டுக் கப்பலுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிடவும் கூடாது. ஜெர்மானியர்கள் எல் (L) என்ற எழுத்தைப் போட்டு எழுதும் எண் பீரங்கியின் முழு நீளத்துக்கு உரியது. பிஸ்மார்க்கின் 38 சென்ரிமீற்றர் பீரங்கிக்கு எல் 52 என்று எழுதியிருக்கும், முழு நீளம் 19.63 மீற்றர். அதைத் துளையின் நீளம் என்று நினைத்துக்கொண்டு பின்னால் இன்னும் கொஞ்சம் ஒட்டினால் கெட்டது. ஜப்பான்காரர்களின் எண்கள் இன்னொரு விதம். 1942 ஏப்ரலில் நம் பக்கம் வந்த கொங்கோ வகைப் போர்க்கப்பல்களின் பீரங்கியை 36 சென்ரிமீற்றர் என்பார்கள், உண்மையில் அது 14 அங்குலம், 355.6 மி.மீ. யமட்டோவின் பீரங்கிக்கு 40 சென்ரிமீற்றர் என்று பெயர் வைத்ததே எதிரியை ஏமாற்றத்தான், துளை 46. அடுத்த கப்பலாக இவற்றில் ஒன்றைச் செய்யப் போகிறீர்கள் என்றால் நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு தவறையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே செய்தது. 381 மி.மீ.யை 200ஆல் வகுத்து 1.9 மி.மீ. பித்தளைக் கம்பி வாங்கி அதையே பீரங்கி என்று மாட்டாதீர்கள். 1.9 என்பது ஓட்டை. அதைச் சுற்றி இரும்பு இருக்கிறது. வாய்ப்பகுதியில் கொஞ்சம் புடைத்து, பின்னால் போகப் போகத் தடித்து, கோபுரத்துக்குள் நுழையும் இடத்தில் நல்ல பருமனாக இருக்கும். என் முதல் கப்பலின் பீரங்கிகளைப் பார்த்த என் மனைவி, "என்ன இது, ஊதுபத்தி குத்தி வச்சிருக்கீங்களா?" என்றார். பிறகுதான் கணக்கைத் திரும்பப் பார்த்தேன்.

சரி, தடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் வாசலில் இரண்டு 15 அங்குலப் பீரங்கிகள் நிற்கின்றன. ஒன்று ரமிலிஸ் கப்பலில் இருந்தது. மற்றது ரெசலூஷனில் இருந்து, பிறகு ரொபேர்ட்ஸ் என்ற கப்பலுக்குப் போனது. ரமிலிஸ், ரெசலூஷன் இரண்டுமே 1942இல் வோர்ஸ்பைட்டோடு நம் கடலில் சோமர்வில் தளபதியின் கீழ் நின்ற கப்பல்கள் என்பது தனிச் சந்தோஷம். நமக்கு வேண்டியது வேறு விஷயம். இவை எல்லாம் ஒரே மாதிரிப் பீரங்கிகள். உட்குழல் தேய்ந்தால் கழற்றி, புதுப்பித்து, வேறு கப்பலுக்கு மாட்டுவார்கள். ஆகவே அந்த வாசலில் கிடக்கும் பீரங்கியின் வடிவம்தான் உங்கள் வோர்ஸ்பைட்டின் பீரங்கி வடிவமும். கோபுரத்துக்குள் மறையும் பின்பகுதி உட்பட முழுசாக, வெட்டவெளியில், ஆயிரக்கணக்கானோர் படமெடுத்து வைத்திருக்கிறார்கள்.

நேர் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றைத் தேடுங்கள். அச்செடுத்து அடிமட்டத்தால் முழு நீளத்தை அளவுங்கள். 118 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 16,520ஐ 118ஆல் வகுத்தால் 140. அந்தப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் உண்மையில் 140 மில்லிமீற்றர். இனி அந்தப் படத்தில் எதை வேண்டுமானாலும் அளக்கலாம். வாயின் வெளிவிட்டம், தடிப்பு மாறும் இடங்கள், வாயிலிருந்து அவை எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அந்த இடங்கள்தான் பிறகு உங்களுக்கு அடிமட்டம். கப்பலின் பழைய புகைப்படத்தில் குழலின் வாயும் ஒரு தடிப்பு மாறும் இடமும் தெளிவாகத் தெரிந்தால், அவற்றுக்கு இடையிலுள்ள உண்மைத் தூரம் உங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்து, அதே படத்தில் குழலுக்கு ஒட்டியே இருக்கும் கோபுரத்தை அளக்கலாம்.

அளவுகோலாக எப்போதும் நீளமான பொருளை எடுங்கள். படத்தில் 4 மி.மீ. மட்டுமே இருக்கும் குழல் வாயை அளவுகோலாக வைத்தால், அரை மில்லிமீற்றர் கண் பிசகினாலே நூற்றுக்கு 12 பிழை. 60 மி.மீ. நீளமுள்ள குழலை வைத்தால் அதே அரை மில்லிமீற்றருக்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் நிற்கும் மாலுமியின் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாலுமி ஐந்தரை அடியா, ஆறடியா என்று யாருக்குத் தெரியும்?

இனி உங்கள் நாலாவது அளவு, புகைப்படத்தில் வந்தது. நீங்கள் எந்தப் படத்தில் அளந்தீர்கள் என்று எழுதவில்லை. அநேகமாகக் கப்பல் கொஞ்சம் சாய்வாக வரும் படமாக இருக்கும், அழகான படங்கள் எல்லாம் அப்படித்தான். அழகான படம் அளவுக்கு உதவாது.

தியத்தலாவைப் பக்கம் ரயிலில் போயிருப்பீர்கள். பொக்ஸ் ஹில்லில் வெள்ளையாக ஒரு நரி தெரியும், பிரித்தானியக் கடற்படையின் பொக்ஸ் என்ற கப்பலின் மாலுமிகள் அமைத்தது என்பார்கள். எதிரே நின்று பார்த்தால் நல்ல நீட்டமான நரி. பக்கத்துக்கு நகர்ந்து போகப் போக நரி ஒடுங்கிக்கொண்டே வரும். கல் ஒன்றும் நகரவில்லை, நாம்தான் நகர்ந்தோம். அந்த நரியைப் பக்கவாட்டில் நின்று அளந்து நீளம் சொன்னால் எப்படி இருக்குமோ, சாய்வான படத்தில் கோபுரத்தை அளப்பதும் அப்படித்தான்.

எவ்வளவு ஒடுங்கும் என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த கோசைன் போதும். நேர்ப் பக்கவாட்டிலிருந்து 10 பாகை விலகினால் நீளம் நூற்றுக்கு ஒன்றரை குறையும், அதை மன்னிக்கலாம். 20 பாகை என்றால் 6. 30 பாகை என்றால் 13க்கு மேல். 30 பாகையைக் கண் அவ்வளவு பெரிய சாய்வாக நினைப்பதே இல்லை. அதுதான் ஆபத்து.

படம் நேராக இருக்கிறதா என்று அறிய ஒரு சின்ன வழி. இந்தக் கோபுரங்களில் இரட்டைக் குழல்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும்போது, முன்னால் இருக்கும் குழல் பின்னால் இருப்பதை முழுசாக மறைத்து ஒற்றைக் குழல் போலத் தெரிந்தால், அதுவே நேர்ப் பக்கவாட்டு. இரண்டாவது குழலின் வாய் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ எட்டிப் பார்த்தால் கோபுரம் திரும்பியிருக்கிறது, அல்லது படமெடுத்தவர் தள்ளி நின்றிருக்கிறார். குழல்கள் மேல்நோக்கித் தூக்கியிருக்கும் படத்தில் குழலைச் சாய்வாகவே, அதன் போக்கிலேயே அளக்க வேண்டும்; கிடைமட்டமாக அளக்கக் கூடாது. இதை எழுதவே வேண்டியதில்லைதான், ஆனால் அவசரத்தில் எல்லோருமே செய்வோம்.

படமெடுத்த தூரமும் முக்கியம். கோபுரம் 9 மீற்றர் அகலம் என்று வைத்து, கப்பலின் தளத்திலேயே 30 மீற்றர் தள்ளி நின்று யாரோ எடுத்த படம் என்றால், கிட்ட இருக்கும் பக்கம் தூரத்துப் பக்கத்தைவிட நூற்றுக்கு 30 பெரிதாகத் தெரியும். வேறொரு கப்பலிலிருந்து 300 மீற்றர் தள்ளி எடுத்த படத்தில் அது 3 மட்டுமே. ஆக, அளவுக்குத் தூரத்துப் படம், விபரத்துக்குக் கிட்டத்துப் படம். ஆணி, ஏணி, கைப்பிடி எல்லாம் கிட்டத்துப் படத்தில் பாருங்கள். அடிமட்டத்தை அதன்மேல் வைக்காதீர்கள்.

சாய்வான படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் கை கழுவிவிட வேண்டியதில்லை. கோபுரம் ஓர் உருளை வடிவக் கவசச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பார்பெட் என்று பெயர், ஒரு பகுதி தளத்துக்கு மேலே தெரியும், மீதி கீழே போகும். அது வட்டம். வட்டத்தைச் சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டமாகத் தெரியும். ஆனால் தூரத்துப் படமாக இருந்தால், அந்த நீள்வட்டத்தின் நீண்ட விட்டம் வட்டத்தின் உண்மை விட்டத்துக்குச் சமம், எந்தக் கோணத்தில் பார்த்தாலும். உங்கள் தொழிற்சாலையில் தேயிலை உருட்டும் ரோலர் மேசை இருக்கிறதே, வாசலில் நின்று பாருங்கள், படியில் ஏறி நின்றும் பாருங்கள். மேல் கீழாக நசுங்கும், குறுக்கே நசுங்காது. அதனால் சாய்வான படத்தில் குழலைவிடப் பார்பெட்தான் நல்ல அளவுகோல். அதன் விட்டத்தை நேர்ப் பக்கவாட்டுப் படத்தில் குழலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு எந்தப் படத்துக்கும் பாவிக்கலாம்.

அடுத்து அந்த மூன்று அகலங்கள். கோபுரத்தின் முகப்புக் கவசம் 13 அங்குலம், பக்கச் சுவர்கள் 11 அங்குலம். 11 அங்குலம் என்றால் 279 மி.மீ., 1:200இல் 1.4 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்ந்தால் 2.8 மி.மீ. யாராவது உட்சட்டத்தின் அகலத்தை எழுதி வைத்து, அதை வெளியகலம் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் செய்தால் கோபுரம் 2.8 மி.மீ. ஒடுங்கிப்போகும். பார்பெட்டிலும் இதே கதை. அதன் கவசம் தடிப்பான இடத்தில் 10 அங்குலம், ஆனால் எல்லா இடத்திலும் அதே தடிப்பு இல்லை. உள்விட்டமா வெளிவிட்டமா என்று சொல்லாத எண்ணைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள், பேனையால் எழுதாதீர்கள். உங்கள் மூன்று அளவுகளில் பெரிதுக்கும் சிறிதுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துப் பாருங்கள். அது உண்மை அளவில் 22 அங்குலம், அதாவது 56 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வந்தால் கள்ளன் பிடிபட்டான்.

கோபுரம் ஒரு பெட்டியும் இல்லை. மேலிருந்து பார்த்தால் பல மூலைகள், முன்னால் ஒடுங்கி நடுவில் விரிந்திருக்கும். ஆகவே அகலம் என்றால் எந்த இடத்து அகலம் என்பதும் ஒரு கேள்வி. நான் ஒரே எண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு, மேற்பார்வைப் படத்தில் நடுக்கோடு போட்டு, ஒவ்வொரு மூலைக்கும் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், சுழலும் மையத்திலிருந்து முன்னாலோ பின்னாலோ எவ்வளவு தூரம் என்று எழுதிக்கொள்வேன். காணி அளக்கும்போது சங்கிலியை நேராகப் போட்டு இரண்டு பக்கமும் கிளைக்கோடு எடுப்போமே, அதே வேலை. சுழலும் மையம் என்பது பார்பெட் வட்டத்தின் மையம், கோபுரப் பெட்டியின் நடு அல்ல. இரண்டும் ஒன்று என்று நினைத்து நடுவில் ஆணி அடித்தவர்களின் கோபுரம் திரும்பும்போது பார்பெட்டை விட்டு ஒரு பக்கமாக வழிந்து நிற்கும்.

ஆண்டு விஷயத்துக்கு வருகிறேன். வோர்ஸ்பைட் 1916இல் ஜட்லண்டில் சண்டை போட்ட கப்பல். 1934 முதல் 1937 வரை போர்ட்ஸ்மத்தில் அதைக் கிட்டத்தட்டப் பிரித்துக் கட்டினார்கள். அதற்கு முன் பீரங்கிகள் 20 பாகைதான் உயரும், பிறகு 30 பாகை. அதற்காகக் கோபுரங்களையும் மாற்றி அமைத்தார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சில கோபுரங்களின் கூரையில் சிறு விமானம் பறக்க ஒரு மேடை இருந்தது, உங்கள் 1942 கப்பலில் அது இல்லை. ஆகவே அந்தக் காலத்துப் படத்தைப் பார்த்துக் கூரையைச் செய்யாதீர்கள். கப்பலின் அகலத்துக்கும் இப்படித்தான் இரண்டு எண்கள் காண்பீர்கள், 27.6 மீற்றர், 31.7 மீற்றர். டோர்பிடோவைத் தாங்குவதற்காக 1920களில் இரண்டு பக்கமும் புடைப்புக் கட்டியதற்கு முந்தியதும் பிந்தியதும். உங்கள் கப்பலின் உடல் 158.5 மி.மீ. அகலத்துக்கு வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 138 என்றால் எனக்கு எழுதாமல் கொஞ்சம் தேத்தண்ணி குடித்துவிட்டு யோசியுங்கள்.

ஹூட் கப்பலின் கோபுரப் படத்தையும் கலக்க வேண்டாம். அதே 15 அங்குலப் பீரங்கிதான், ஆனால் கோபுரம் பிந்திய மாதிரி. அதன் கூரை தட்டையாக, பெட்டி போல இருக்கும். உங்களுடையதில் கூரை முன்பக்கம் சரிந்து இறங்கும். கடையில் கிடைக்கும் ஆயத்தக் கோபுரங்கள் "பருத்துத் தெரிகின்றன" என்று எழுதியிருந்தீர்கள். அளந்து பார்க்கும் முன் கூரைச் சரிவைப் பாருங்கள். சரிவு குறைந்தால் அகலம் சரியாக இருந்தாலும் பருமனாகத்தான் தெரியும்.

சரிவு என்றதும் தகடு வெட்டும் கணக்கு ஞாபகம் வருகிறது. மேற்பார்வைப் படமோ பக்கப் படமோ சரிந்த தகட்டின் உண்மை நீளத்தைக் காட்டாது. முகப்புத் தகடு 10 மி.மீ. உயரத்தில் 5 மி.மீ. பின்னோக்கிச் சாய்கிறது என்றால் வெட்ட வேண்டியது 10 அல்ல, 11.2. பைதகரஸ் தேற்றம்தான். நீங்கள் பிட்டர், தகரப் புனல் வெட்டியிருப்பீர்கள், உங்களுக்கு இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல.

உங்கள் போட்டோ கொப்பியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டும். எனக்கு ஒருமுறை நகரத்துக் கடையொன்றில், தாளுக்குள் அடங்கட்டும் என்று என்னைக் கேட்காமலே கொஞ்சம் சுருக்கி எடுத்துத் தந்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை. நாலு கோபுரமும் செய்து முடித்த பிறகுதான் பார்பெட்டில் உட்கார மறுத்தன. சுருக்கியது பரவாயில்லை, கணக்கில் சரிக்கட்டலாம். மோசமானது, இயந்திரம் தாளை இழுக்கும் திசையில் ஓர் அளவும் குறுக்கே வேறோர் அளவுமாக நீட்டுவது. வட்டம் நீள்வட்டமாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பார்பெட் வட்டத்தையே பாவிக்கலாம். கவராயத்தை வைத்து நெடுக்கே ஒரு விட்டம், குறுக்கே ஒரு விட்டம் எடுங்கள். சமமில்லை என்றால் நீளத்துக்கு ஒரு விகிதம், அகலத்துக்கு ஒரு விகிதம் என்று தனித்தனியாக வையுங்கள்.

தாளும் உயிருள்ள சாமான். மழைக்காலத்தில் பனிமூட்டம் சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும் ஊர் நம்முடையது. தாள் ஈரத்தை உறிஞ்சி நீளும், அதுவும் நாரின் குறுக்கே கூடுதலாக நீளும். பழைய நில வரைபடங்களுக்குத் துணி ஒட்டி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வரைபடத்தில் அளவுகோல் கோடு போட்டிருந்தால், நீங்கள் அளக்கும் அதே நாளில் அந்தக் கோட்டையும் அளந்துகொள்ளுங்கள். "1:200" என்று ஓரத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். எழுத்து சுருங்கினாலும் 1:200 என்றே வாசிக்கும்.

எப்போதாவது கையில் காசு சேர்ந்தால், கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் கப்பல் கட்டி முடித்த நிலையில் வரைந்த மூலப் படங்கள் இருக்கின்றன. பிரதி விலைக்குக் கிடைக்கும். பெரும்பாலும் ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம், அதாவது 1:96. அதிலிருந்து உங்கள் 1:200க்கு வர 0.48ஆல் பெருக்க வேண்டும். கொப்பி இயந்திரத்தில் 48 என்று அழுத்திச் சுருக்குவதைவிட, மூலத்தில் அளந்து கணக்கில் சுருக்குவதே நல்லது. அடி அங்குலத்தில் எழுதிய அளவுகளுக்கு ஒரு சின்ன அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: 1:200இல் ஓர் அடி 1.524 மி.மீ., ஓர் அங்குலம் 0.127 மி.மீ. கடைசி வரை தசமத்தோடே போங்கள். ஒவ்வொரு வரியிலும் முழு மில்லிமீற்றருக்கு ஒட்டி எழுதாதீர்கள். அரை மில்லிமீற்றரை விட்டால் உண்மைக் கப்பலில் 10 சென்ரிமீற்றர் போகிறது. ஏழெட்டுத் தகடுகளில் அது சேர்ந்தால் மூலை மூடாது.

அளவெல்லாம் கிடைத்த பிறகு நேரே பிளாஸ்ரிக் தகட்டை வெட்டாதீர்கள். பழைய கலண்டர் அட்டையில் ஒரு கோபுரம் ஒட்டுங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அதைப் பார்பெட் மேல் வைத்து, நீங்கள் நம்பும் தூரத்துப் புகைப்படம் எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டதோ அதே கோணத்தில் கைபேசியால் படமெடுங்கள். எவ்வளவு தூரத்திலிருந்து? அந்தப் படம் ஏறத்தாழ 200 மீற்றரில் எடுத்தது போலத் தெரிந்தால், நீங்கள் 1 மீற்றரில் நில்லுங்கள். தூரமும் 200இல் ஒன்றாகச் சுருங்க வேண்டும், அப்போதுதான் கிட்டத்துப் பக்கம் பெரிதாவதும் தூரத்துப் பக்கம் சிறிதாவதும் இரண்டு படத்திலும் ஒரே விகிதத்தில் வரும். பிறகு இரண்டு படத்தையும் ஒரே அளவில் அச்செடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து சன்னல் கண்ணாடியில் பிடித்துப் பாருங்கள். கோடுகள் எங்கே பிரிகின்றனவோ அங்கே உங்கள் அளவு பிழை. எந்த அட்டவணையும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது. என் கடைசிக் கப்பலில் இந்த அட்டைக் கோபுரத்தையே மூன்று தடவை செய்தேன், பிளாஸ்ரிக்கில் ஒரே தடவைதான்.

பீரங்கிகளை உங்கள் வேர்க்‌ஷொப்பில் லேத் இருந்தால் பித்தளையில் கடைந்துகொள்ளுங்கள், எட்டையும் ஒரே நாளில், ஒரே அமைப்பில். நீளம் கால் மில்லிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு கோபுரத்தின் இரண்டு குழல்களில் ஒன்று மற்றதைவிடக் கால் மில்லிமீற்றர் நீண்டிருந்தால் வீட்டுக்கு வருகிற முதல் ஆளே கேட்பார். கோபுரத்தை ஒட்டிவிடவும் வேண்டாம். உண்மைக் கப்பலிலும் அது உருளைகள்மேல் தன் பாரத்தாலேயே உட்கார்ந்திருக்கிறது. பிஸ்மார்க் 1941இல் கவிழ்ந்து மூழ்கியபோது நாலு கோபுரமும் கழன்று விழுந்தன. ஓர் ஆணியில் நிற்கட்டும், திருப்பிப் பார்க்கலாம், துடைக்கக் கழற்றலாம்.

எந்தக் கோபுரத்தில் தொடங்குவது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். முன்னாலிருந்து ஏ, பி, பின்னால் எக்ஸ், வை. வையில் தொடங்குங்கள். அது தாழ்வான கோபுரம், பார்பெட் குட்டை, அதனால் உயரக் கணக்கில் பிழை வந்தாலும் அதிகம் காட்டிக்கொடுக்காது. பிறகு ஏ, எக்ஸ். பியைக் கடைசிக்கு வையுங்கள். கப்பலை நடத்தும் மேல்மாடமான பாலத்துக்கு முன்னால் உயர்ந்து நிற்பது அதுதான், பார்க்கிறவர்களின் கண் முதலில் போவதும் அங்கேதான். அட்டைக் கோபுரத்தின் படத்தையும் நீங்கள் ஒப்பிட்ட பழைய படத்தையும் அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள், கூரைச் சரிவைப் பார்த்துச் சொல்கிறேன்.